ஊதிப் பார்த்து வாங்கிய வால்வு

"மரை ஒத்துப்போச்சுன்னா சாமான் ஒன்னுதான்" என்பது எங்கள் ஊர்ப் பட்டறைகளில் ஏறக்குறைய வேதவாக்கு. பெஸ்தாரி ஜெயா, பழையவர்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை, தோட்டங்களை நம்பி வளர்ந்த ஊர். நாட்டில் வணிக முறையில் முதன்முதலாகச் செம்பனை நட்ட தென்னமரம் தோட்டம் (1917) எங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது. உரிய சாமான் கோலாலம்பூரிலிருந்து வந்து சேரும்வரை வண்டியை நிறுத்தி வைத்துவிட்டு வேலைக்கு நடந்து போக இங்கே யாராலும் முடியாது. ஆகவே கையில் கிடைத்ததைக் கொண்டு வண்டியை ஓட வைப்பது ஒரு கைத்திறன், அந்தத் திறன் மீது எனக்கு மரியாதை உண்டு. லோரியின் ஹோஸை வெட்டி வேனுக்கு மாட்டியவர்களையும், ஒரு காரின் சென்சாரை இன்னொரு காரில் பொருத்திப் பல ஆண்டுகள் ஓட்டியவர்களையும் நேரில் பார்த்திருக்கிறேன். ஆனால் டர்போ எஞ்சினுக்கு, அதாவது காற்றை அழுத்தி உள்ளே திணிக்கும் எஞ்சினுக்கு, அதன் அடிவயிற்றில் சேரும் வாயுவை இழுத்துவிடும் பிசிவி வால்வு வாங்கப் போன இடத்தில் அதே வாக்கியத்தைக் கேட்டபோது, தலையாட்டிவிட்டு வர மனம் வரவில்லை.

வண்டி என் மச்சானுடையது. செம்பனை ஆலையில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர், பழைய டர்போ கார் ஒன்றை நல்ல விலைக்கு வாங்கி வைத்திருக்கிறார். எந்த பிராண்ட் என்று சொல்லப் போவதில்லை, ஏனென்றால் கெட்டிப்பட்டுப் போன ரப்பருக்கும் சோர்ந்துபோன ஸ்பிரிங்குக்கும் எல்லா பிராண்டும் ஒன்றுதான். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் கறுப்பெண்ணெய் (எஞ்சின் ஆயில்) கசிந்தது. ஹைவேயில் முந்திப் போக அழுத்திவிட்டு வந்தால், எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் தன் குழாயிலிருந்து சற்று எழும்பி நின்றது. டர்போ அழுத்திய காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்குப் போகும் குழாயைக் கழற்றினால் உள்ளே எண்ணெய்ப் பூச்சு. ஓரிடத்தில், எஞ்சினின் பின்பக்கம் எண்ணெயைத் தடுக்கும் ரியர் மெயின் சீல் மாற்ற வேண்டும் என்றார்கள். கியர்பாக்ஸை இறக்கிச் செய்யும் வேலை அது. இன்னோரிடத்தில் டர்போவே போய்விட்டது என்றார்கள். இந்த அடையாளங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு காரணம் இருக்கலாம் என்பதை இரண்டு இடத்திலும் யாரும் எடுத்துச் சொல்லவில்லை. எஞ்சினின் அடிப்பெட்டியான கிராங்க்கேஸுக்குள் இருக்கக் கூடாத அழுத்தம் இருந்தால், எண்ணெய் கிடைத்த வழியில் எல்லாம் வெளியே வரத்தான் செய்யும். புதிய சீல் போட்டாலும் அதே அழுத்தம் அதையும் தள்ளும்.

பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் வாயு எப்போதும் கீழே இறங்கும், புது எஞ்சினிலும் இறங்கும். அதை மேனிஃபோல்டின், அதாவது எஞ்சினுக்குள் காற்று நுழையும் குழாயின், உறிஞ்சலைக் கொண்டே இழுத்து மறுபடி எரிப்பதுதான் பிசிவியின் வேலை. டர்போ இல்லாத எஞ்சினில் கதை ஏறக்குறைய இதோடு முடிந்துவிடும். டர்போ எஞ்சினில் மேனிஃபோல்ட் இரண்டு முகம் காட்டுகிறது. மெதுவாக ஓடும்போது அது உறிஞ்சுகிறது. டர்போ வேகமெடுத்ததும் அதே மேனிஃபோல்டில் வெளிக்காற்றைவிடக் கூடுதலான அழுத்தம், அரை பாரோ அதற்கு மேலுமோ, ஏறி நிற்கிறது. அந்த நேரத்தில் வால்வு இறுக மூடிக்கொள்ள வேண்டும். கிராங்க்கேஸ் வாயு வேறொரு ஹோஸ் வழியாக, டர்போவின் வாய்க்கு முன்னால் உள்ள காற்றுக் குழாய்க்குப் போய்ச் சேர வேண்டும். வால்வு மூடாவிட்டால் டர்போ அடிக்கும் காற்று நேராக எஞ்சினின் அடிவயிற்றுக்குள் இறங்குகிறது. டர்போவிலிருந்து திரும்பும் எண்ணெய் வெறும் ஈர்ப்பு விசையால்தான் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்புக்கு வடிகிறது என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். கீழே அழுத்தம் இருந்தால் அது வடிய முடியாமல் டர்போவின் சீலைத் தாண்டிப் போய், நீலப் புகையாக வெளியே வருகிறது. "டர்போ போச்சு" என்று சொன்னவர் பார்த்தது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

எங்கள் பக்கத்து ஓட்டமும் இந்த வால்வுக்கு உகந்ததில்லை. குவாட்டர்ஸிலிருந்து ஆலைக்கு, ஆலையிலிருந்து கடைத்தெருவுக்கு என்று, எஞ்சின் முழுச் சூடு ஏறுவதற்குள் நின்றுவிடும் குறுகிய ஓட்டங்கள். எண்ணெயில் சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகிப் போக நேரமே கிடைப்பதில்லை. குளிர்நாடுகளில் நடக்கும் அளவுக்கு மோசமில்லை என்றாலும், மழைக்காலத்தில் எண்ணெய் மூடியின் அடியில் மஞ்சள் பசை படிவதை மச்சானின் வண்டியிலேயே பார்க்கலாம். அந்தப் பசையும் கரியும்தான் வால்வின் உள்ளே போய் உட்காருகின்றன.

சும்மா ஓடும்போது செய்யும் சோதனைகள்

பழைய வால்வைக் கழற்றியதும் பட்டறைக்கார அண்ணன் காதருகே வைத்துக் குலுக்கினார். கிலுகிலு என்றது. "சத்தம் வருது பாருங்க தம்பி, நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, மேனிஃபோல்டிலிருந்து வரும் ஹோஸில் வால்வை மாட்டி, அதன் வாயைக் கட்டை விரலால் மூடச் சொன்னார். விரலை நன்றாகவே இழுத்தது. இரண்டு சோதனையும் புத்தகத்தில் உள்ளவைதான், அவர் எதையும் ஒப்புக்குச் செய்யவில்லை. நானும் என் பங்குக்குத் தெளிவான பிளாஸ்டிக் குழாயை யு வடிவில் ஒரு பலகையில் கட்டி, பாதி தண்ணீர் ஊற்றி, டிப்ஸ்டிக் குழாயின் வாயில் இறுகப் பொருத்திப் பார்த்தேன். எஞ்சின் மெல்ல ஓடுகையில் தண்ணீர் எஞ்சின் பக்கமாக ஓரிரு விரற்கடை ஏறி நின்றது. அதாவது கிராங்க்கேஸில் இலேசான உறிஞ்சல் இருக்கிறது, எல்லாம் ஒழுங்கு. ரிங் தேய்ந்து வாயு அளவுக்கு மீறி இறங்கும் எஞ்சினாக இருந்தால் தண்ணீர் எதிர்ப்பக்கம் தள்ளப்பட்டிருக்கும். ஆகவே எஞ்சினின் உடம்பில் பெரிய கோளாறு இல்லை என்ற நிம்மதி மட்டும் கிடைத்தது. அதன் பிறகு செய்த கம்ப்ரஷன் சோதனையும் அதையே சொன்னது.

ஆனால் வால்வைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியவரவில்லை. அன்று இரவு அதை யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. குலுக்கிப் பார்ப்பது, விரலால் மூடிப் பார்ப்பது, தண்ணீர்க் குழாய் எல்லாமே எஞ்சின் சும்மா நிற்கும்போதோ மெல்ல ஓடும்போதோ செய்பவை. அப்போது காற்று போவது வால்வின் முன்திசையில், கிராங்க்கேஸிலிருந்து மேனிஃபோல்டுக்கு. மச்சானின் வண்டி எண்ணெய் கக்குவதோ எதிர்த்திசையில் காற்று வரும்போது. குலுக்கும்போது கேட்கும் சத்தம், உள்ளே இருக்கும் ஊசி சிக்கிக்கொள்ளவில்லை என்பதை மட்டுமே சொல்கிறது. அந்த ஊசி தன் இருக்கையில் போய் உட்கார்ந்த பிறகு காற்றை நிறுத்துகிறதா என்பதை அது சொல்வதில்லை. டர்போ இல்லாத கார்களைப் பழுதுபார்த்துப் பழகிய கைகள் காலங்காலமாகக் கேட்டு வந்த கேள்விக்கு இந்த வால்வு சரியான பதிலையே சொன்னது. டர்போவுக்குரிய கேள்வியை அதனிடம் யாரும் கேட்கவில்லை.

மறுநாள் சுத்தமான ஹோஸ் துண்டு ஒன்றை மேனிஃபோல்ட் பக்கத்து முனையில் மாட்டி ஊதினேன். உஸ் என்று தாராளமாகப் போயிற்று. கைத்தொலைபேசி விளக்கை உள்ளே அடித்துப் பார்த்தால், ஊசி உட்காரும் வட்டம் பழுப்பேறிப் பளபளத்தது. அதன் விளிம்பில் ஓரிடத்தில் மட்டும் கடுகளவு கரி கெட்டியாக ஒட்டியிருந்தது. கார்பரேட்டர் கிளீனர் அடித்துக் கழுவினால் கரி போகும்தான். ஆனால் அந்த இடத்தில் பிளாஸ்டிக் ஏற்கெனவே பள்ளம் விழுந்திருந்தது. மாற்றியே ஆக வேண்டும் என்று முடிவாயிற்று.

கடை மேசையில்

ஸ்பேர்பார்ட்ஸ் கடை முதலாளியான தவுக்கே எங்களைப் பல வருடமாகத் தெரிந்தவர், தமிழில் விலை பேசுவார். பழைய வால்வை வாங்கிப் பார்த்துவிட்டு, அதே எஞ்சின் குடும்பத்தில் டர்போ இல்லாத வகைக்கு வரும் வால்வை எடுத்து மேசை மேல் வைத்தார். மரை ஒன்று, ஹோஸ் முனையின் பருமன் ஒன்று, நீளம்கூட ஒன்று. விலை, ஒரு குடும்பம் காலையில் ரொட்டி சானாய் சாப்பிடும் செலவு. டர்போ வகைக்கு உரியது கடையில் இல்லை, ஆர்டர் போட்டால் வரும், விலை பல மடங்கு. வழக்கமான அந்த வாக்கியத்தை அப்போதுதான் அவர் சொன்னார். மச்சானும் என்னைப் பார்த்து, "விடுங்க மச்சான், இதையே போட்டுக்கலாம்" என்றார். விலையைப் பார்க்கையில் அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஹோஸ் துண்டு என் சட்டைப்பையில் இருந்தது. தவுக்கேயிடம் கேட்டுக்கொண்டு அந்தப் புது வால்வை ஊதிப் பார்த்தேன். முன்திசையில் தாராளம். எதிர்த்திசையில், பழையதைப் போல இல்லை என்றாலும், மெல்லிய சீறல் ஒன்று விடாமல் வந்துகொண்டே இருந்தது. கூட்டி ஊதினால் குறைந்தது, மெல்ல ஊதினால் கூடியது. தவுக்கேயும் வாங்கி ஊதிப் பார்த்தார். பிறகு பெட்டியிலிருந்து அதே வகையில் இன்னொன்றை எடுத்து ஊதினார், அதுவும் அப்படியே. இதை அந்த வால்வின் குறை என்று சொல்ல முடியாது. டர்போ இல்லாத எஞ்சினில் எதிர்த்திசைக் காற்று என்பது, மேனிஃபோல்ட் பக்கம் தீ திருப்பி அடிக்கும் பேக்ஃபயர் ஆகும்போது கண்ணிமைக்கும் நேரம் வந்து போவது. அந்தத் தீ கிராங்க்கேஸுக்குள் இறங்காமல் ஊசி ஒரு கணம் அடைத்துக்கொண்டால் அதன் கடமை தீர்ந்தது. நிமிடக்கணக்கில் அழுத்தத்தைத் தாங்கி நிற்கும்படி யாரும் அதனிடம் கேட்டதே இல்லை. மரையை ஒன்றாக வைத்ததற்குக் காரணம், எஞ்சினின் மேல்மூடியான வால்வு கவரை இரண்டு விதமாக வார்க்க வேண்டாம் என்ற சிக்கனமாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் ஊகம். உள்ளே இருக்கும் ஊசியும் ஸ்பிரிங்கும் வேறு வேலைக்குச் செய்தவை.

மெல்ல ஊதும்போது சீறல் கூடியது என்றேனே, அதைக் கவனிக்காமல் விட்டிருந்தால் நான் வேறு வால்வில் ஏமாந்திருப்பேன். பூஸ்ட், அதாவது டர்போ ஏற்றும் அழுத்தம், முழுதாக ஏறும்போது அந்த அழுத்தமே ஊசியை இருக்கையில் அழுத்திப் பிடித்துக்கொள்ளும். ஆனால் மேனிஃபோல்ட் உறிஞ்சலிலிருந்து அழுத்தத்துக்கு மாறும் அந்த எல்லைப் பகுதியில் ஊசியைப் பிடித்திருப்பது மெலிந்த ஸ்பிரிங் மட்டும்தான். ஊருக்குள் லோரிக்குப் பின்னால் போவதும் வருவதுமாக ஓடும் டர்போ காரின் பெரும்பகுதி நேரம் அந்த எல்லையில்தான் கழிகிறது. கிள்ளான் பக்கத்தில் பழைய கார்ப் பாகங்கள் விற்கும் ஹாஃப்கட் கடையிலிருந்து மச்சானின் நண்பர் ஒருவர் கழற்றிக் கொண்டுவந்த அசல் டர்போ வால்வு எனக்கு இதை உறுதிப்படுத்தியது. டயருக்குக் காற்றடிக்கும் சின்ன பம்பில் 10 பிஎஸ்ஐ வைத்துச் சோப்பு நீர் தடவினால் ஒரு குமிழிகூட வரவில்லை. வாயால் இலேசாக ஊதினால் கசிந்தது. நிமிர்த்திப் பிடித்தால் ஒரு மாதிரி, படுக்க வைத்தால் இன்னொரு மாதிரி. ஆகவே இந்தச் சோதனையைச் செய்கிறவர்கள், எஞ்சினில் வால்வு உட்காரும் அதே சாய்வில் பிடித்து, முதலில் மெல்ல ஊதிப் பார்த்துவிட்டுப் பிறகு பம்புக்குப் போவது நல்லது.

மச்சானின் ஆசை என்னவோ இணையக் கடையில் பார்த்த அலுமினிய வால்வின் மேல் இருந்தது. கடைந்தெடுத்த உடம்பு, நீல நிறம், காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்கத் திருகு. பட்டறைக்கு வந்த இளைஞர் ஒருவர் தன் காரிலிருந்து கழற்றிக் கொடுத்து ஊதிப் பார்க்கச் சொன்னார். எதிர்த்திசையில் நான் பார்த்தவற்றில் அதுதான் மிக இறுக்கம், குறை சொல்ல வாய் வரவில்லை. சிக்கல் முன்திசையில். பிசிவி வால்வு வெறும் ஒருவழிக் கதவு இல்லை, அது அளவிட்டுத் துளையிட்ட சாமான். எஞ்சின் மெல்ல ஓடும்போது மேனிஃபோல்டின் உறிஞ்சல் மிக அதிகம், அப்போது ஊசி மறுமுனைக்கு இழுபட்டு வழியைக் குறுக்க வேண்டும். நடுத்தர ஓட்டத்தில் வழி அகல வேண்டும். எந்த நிலையில் எவ்வளவு காற்று என்பதை எஞ்சின் செய்தவர்கள் அளந்து வைத்திருக்கிறார்கள். திருகு கொடுத்தால் அந்த அளவைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு வண்டிக்காரரின் தலையில் விழுகிறது. கூடுதலாகத் திறந்துவிட்டால் மெல்ல ஓடும் எஞ்சின் எண்ணெய்ப் புகையை அளவுக்கு மேல் குடிக்கும். எண்ணெய் கலந்த கலவையின் ஆக்டேன் இறங்கும், டர்போ எஞ்சினில் தட்டல் (கலவை நேரம் தப்பி வெடிப்பது) வரும். பிறகு மானிய விலை ரோன் 95 பெட்ரோல் போதவில்லை என்று ரோன் 97க்குப் பணம் கொட்ட வேண்டியதுதான். பந்தயத்துக்கு எஞ்சின் கட்டுகிறவர்களுக்கு அந்தத் திருகு பயன்படலாம். ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வருகிறவருக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

எதிர்த்திசையைக் கடை மேசையிலேயே நம்மால் சோதிக்க முடிகிறது, முன்திசை அளவை முடிவதில்லை. நான் கடைசியில் சாய்ந்தது இந்த வித்தியாசத்தின் மேல்தான். சோதிக்க முடியாத பாதிக்குச் செய்தவனின் பாக நம்பரை நம்ப வேண்டியிருக்கிறது, சோதிக்க முடிந்த பாதிக்கு நம் வாயும் ஹோஸ் துண்டும் போதும். எஞ்சின் குறியீட்டைச் சொல்லி, டர்போ வகைக்குரிய பாக நம்பரிலேயே ஆர்டர் போட்டோம். கார் பிராண்டின் பெட்டியில் வருவது ஒரு விலை, அதே உற்பத்தியாளர் தன் சொந்தப் பெட்டியில் போட்டு விற்பது அதைவிடக் குறைவு. இரண்டாவதையே எடுத்தோம், நூறு வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) உள்ளேதான் வந்தது. இணையத்தில் அதே நம்பரைத் தேடினால் மின்கம்பி இணைப்போடு ஒரு வகையும் கண்ணில் படும். வால்வில் பனி உறையாமல் சூடேற்றிக்கொள்ளும் அந்த ஏற்பாடு குளிர்நாட்டு வண்டிகளுக்கு உரியது, நம் ஊருக்கு வேண்டாம். வந்த வால்வைப் பெட்டி பிரித்ததும் தவுக்கேயே முதலில் ஊதினார். நின்றது. மெல்ல ஊதினார், அப்போதும் நின்றது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, "இது மாத்ரம் எப்படி?" என்று தனக்குள் கேட்டுக்கொண்டு, டர்போ இல்லாததை எடுத்து மறுபடி ஒருமுறை ஊதிப் பார்த்தார்.

ஹோஸும் கேட்ச் டேங்கும்

பட்டறைக்கார அண்ணனைக் குறைத்துப் பேசுவதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. வால்வைப் போடுமுன் ஹோஸ்களைக் கழற்றச் சொன்னவர் அவர்தான். டர்போவின் வாய்ப்பக்கம் போகும் ஹோஸை அவர் இரண்டு விரலால் அழுத்தியபோது அது பஞ்சாக ஒட்டிக்கொண்டு, மீண்டும் விரிய நேரம் எடுத்தது. வருடக்கணக்கில் எண்ணெய் குடித்து உப்பிய ரப்பர். பூஸ்ட் நேரத்தில் கிராங்க்கேஸ் வாயுவுக்கு இருக்கும் ஒரே வழி அதுதான். உறிஞ்சலில் அது தட்டையாகிவிட்டால், எவ்வளவு இறுக்கமான வால்வு போட்டும் பயனில்லை, அழுத்தம் உள்ளேயே நிற்கும். அவர் மாட்ட எடுத்தது சாதாரண ஹீட்டர் ஹோஸ். அதை மட்டும் நான் மறுத்தேன். தண்ணீருக்கு என்று செய்த ரப்பர் எண்ணெய் ஆவியில் மறுபடி உப்பும். அழகுக்காகப் பலர் போடும் வண்ண சிலிக்கான் ஹோஸும், உள்ளே எண்ணெய் தாங்கும் பூச்சு இல்லாவிட்டால், நாளடைவில் எண்ணெயை வியர்க்கும். எண்ணெய், பெட்ரோல் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்கினோம். வளைவு வரும் இடத்தில் மட்டும் வார்ப்பிலேயே வளைத்த அசல் ஹோஸ்.

இரண்டையும் மாற்றி ஓட்டிய பிறகு டிப்ஸ்டிக் எழும்பவில்லை, நீலப் புகை நின்றது. சீல் இருக்கும் இடத்தைத் துடைத்து வைத்துப் பார்த்தோம். கசிவு முழுதாக நிற்கவில்லை, இலேசான ஈரம் இன்னும் வருகிறது. அழுத்தத்தில் நாள்பட்டுத் தளர்ந்த சீல் தானாக இறுகப் போவதில்லை, கியர்பாக்ஸ் எப்போதாவது வேறு காரணத்துக்காக இறங்கும்போது அதையும் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம்.

மச்சான் இப்போது, வாயுவோடு வரும் எண்ணெயைப் பிடித்து வைக்கும் கேட்ச் டேங்க் போட வேண்டும் என்கிறார். ஊர்ப் பையன்கள் சிலர் செய்வதுபோல வால்வையே எடுத்துவிட்டு, டேங்கின் வாயை வெளிக்காற்றுக்குத் திறந்து வைப்பதற்கு நான் ஒப்பவில்லை. 1961 மாடல் கார்களில் கலிபோர்னியா பிசிவியைக் கொண்டுவந்ததே, அதுவரை இந்தப் புகை முழுதும் குழாய் வழியாகத் தெருவில் இறங்கிக்கொண்டிருந்தது என்பதால்தான். அந்தப் புகையை சிக்னலில் காருக்குள் உட்கார்ந்து நாமே சுவாசிப்பதில் என்ன பெருமை இருக்கிறது என்று தெரியவில்லை. தவிர, உறிஞ்சல் இல்லாமல் போனால் ஈரம் எண்ணெயிலேயே தங்கும், நம் குறுகிய ஓட்டத்துக்கு அது இரட்டிப்புக் கேடு. வால்வு தன் இடத்திலேயே இருக்க, வால்வுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே, உள்ளே தடுப்பு வைத்த, காற்றுப் புகாத டேங்க் என்றால் சரி. ஹோஸின் பருமன் குறையக் கூடாது, நடுவில் தொங்கிப் பள்ளம் விழக் கூடாது, எக்ஸாஸ்ட் பக்கம் வைக்கக் கூடாது. கறுப்பெண்ணெய் மாற்றும்போதெல்லாம் டேங்கைத் திறந்து வடிக்க வேண்டும், மழைக்காலத்தில் அதற்கு முன்பே ஒருமுறை. வடிவது எண்ணெய் போலத் தெரிந்தாலும் பாதி தண்ணீரும் பெட்ரோலும் கலந்த குழம்பு அது. "நல்ல எண்ணெய்தானே" என்று எஞ்சினுக்குள் திரும்ப ஊற்றாமல் பட்டறையின் பழைய எண்ணெய் டிரம்மில் சேர்த்துவிட வேண்டும். இவ்வளவுக்கும் சம்மதம் என்றால் டேங்க் வாங்கித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். மச்சான் இன்னும் நிறத்தைத்தான் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறார்.